பழைய எம்எக்ஸ்-5-க்கு எந்த ஷாக், எந்த ஸ்பிரிங்? கோனி, பில்ஸ்டீன், கேஒய்பி, காயிலோவர்

முதல் தலைமுறை மஸ்தா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். 1989-இல் அறிமுகமான கார் இது, கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது கிட்டத்தட்ட முப்பது வயது. கம்பெனி ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் எண்ணெய்க் குழாய்) இன்னும் கீழே இருந்தால் அது வேலை செய்கிறது என்று நம்பாதீர்கள். என்னுடையது 1.6 லிட்டர், யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கிலாந்துக்கு வந்த வண்டி. பின்பக்க ஷாக் எண்ணெய் கசிய ஆரம்பித்ததும் நான்கையும் மாற்ற முடிவு செய்து, கடைசியில் கோனி ஸ்போர்ட் (மஞ்சள் நிறத்தில் வருமே, அதுதான்) வாங்கி, கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சமே கெட்டியான, கொஞ்சமே குட்டையான ஸ்பிரிங்கோடு போட்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே படியுங்கள்.

கேஒய்பி எக்செல்-ஜி பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, கம்பெனி ஸ்பிரிங்கோடு போட்டால் கார் புதிதாக இருந்தபோது எப்படிப் போனதோ ஏறக்குறைய அப்படிப் போகும். வார இறுதியில் கூரையை மடித்துவிட்டு நிதானமாக ஓட்டுகிறவருக்கு இதுவே போதும். ஆனால் இதன் மேல் கெட்டியான ஸ்பிரிங் வைக்காதீர்கள், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் பலம் இந்த ஷாக்கில் இல்லை, மேடு தாண்டியபிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும்.

இனி எல்லாத் தேர்வையும் தீர்மானிக்கிற ஒரு விஷயம். பெரும்பாலோர் ஷாக் வாங்கும்போது எத்தனை கிளிக் (கெட்டித்தனத்தை மாற்றும் படி) இருக்கிறது, கார் எவ்வளவு தாழும் என்று பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது, சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதைத்தான். இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு), எடை ஆயிரம் கிலோவை ஒட்டி, ஸ்பிரிங் ரொம்ப மென்மை. ஷாக்கின் தண்டில் ஒரு நுரை ரப்பர் கட்டை கோத்திருக்கும், அதுதான் பம்ப் ஸ்டாப். கம்பெனி உயரத்திலேயே ஷாக் உடம்புக்கும் இந்தக் கட்டைக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம்தான். வளைவில் சாய்ந்தாலே கட்டை தொட்டுவிடும், மஸ்தாவும் அதை இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி கணக்கில் வைத்தே வடிவமைத்தது.

இப்போது 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங் வாங்கி, கம்பெனி நீளமுள்ள ஷாக்கிலேயே மாட்டினால் என்ன ஆகும்? கார் நின்ற நிலையிலேயே கட்டை மேல் உட்கார்ந்துவிடும், அல்லது அதற்கு மிக அருகில் வந்துவிடும். சிறு பள்ளம் வந்தாலும் நேரடியாக உடம்பில் இடிக்கும். ஓட்டுகிறவர் “ஷாக் ரொம்ப கெட்டி” என்று அதைக் குறை சொல்லிக் கழற்றிப் போடுவார், உண்மையில் அவர் உணர்வது ரப்பரை. சொகுசு மட்டுமே பிரச்சினை என்றாலும் பரவாயில்லை. வளைவின் நடுவில் எந்த ஆக்சில் முதலில் கட்டையில் இடிக்கிறதோ அந்தப் பக்கத்தின் கெட்டித்தனம் சட்டென்று எகிறும், அந்தப் பக்க டயர் பிடியை விடும். முன்னால் நடந்தால் கார் நேராக இழுத்துக்கொண்டு போகும். பின்னால் நடந்தால் வால் வெளியே வரும், அதுவும் ஈரச் சாலையில், இந்தக் குட்டி வண்டியில், கை சுதாரிப்பதற்குள் நடந்துவிடும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பில்ஸ்டீனைப் பாருங்கள். மறுக்க முடியாத தரம். அமெரிக்காவில் 1994 முதல் வந்த ஆர் பேக்கேஜ் என்ற ஸ்போர்ட் வகை வண்டிகளில் மஸ்தாவே பில்ஸ்டீனைப் போட்டு விற்றது. ஒற்றைக் குழாய், உயர் அழுத்த நைட்ரஜன், சூட்டில் எண்ணெய் நுரைத்துத் தளராது. ஆனால் டம்பிங்கை, அதாவது ஆட்டத்தை அடக்கும் பலத்தை, மாற்ற வழியில்லை, அவர்கள் அமைத்துத் தந்ததுதான். பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய காருக்கு என்று குட்டையாக வருவது, ஆகவே தாழ்த்துகிறவர் பி6 வாங்கக் கூடாது. நண்பர் ஒருவரின் பி6 போட்ட வண்டியை ஓட்டிப் பார்த்ததில், வேகத்தில் அபாரமாக நின்றது, ஊருக்குள் மெதுவாகப் போகும்போது தார் ஒட்டுகளை எல்லாம் எண்ணிச் சொன்னது. பி8-ஐ நான் ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி அளந்து பேச மாட்டேன்.

கோனியிடம் எனக்குப் பிடித்தது, அமுங்கும்போது அது அடம்பிடிப்பதில்லை. ஷாக்கில் உள்ள திருகு மாற்றுவது, ஸ்பிரிங் எழும்பும் திசையின் டம்பிங்கை மட்டும்தான். அதனால் மிஞ்சியிருக்கிற கொஞ்ச இடத்தையும் சக்கரம் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்கிறது, பள்ளத்தில் இறங்கி ஏறியபிறகு கார் ஒரே மூச்சில் அடங்குகிறது. திருகு மேலேயே இருக்கிறது, முன்னால் பானெட்டைத் திறந்தால் போதும், பின்னால் டிக்கியில். முழு மென்மையில் ஆரம்பித்து அரைச் சுற்று அரைச் சுற்றாக ஏற்றுங்கள். வருடங்கள் போய் ஷாக் தளர்ந்தாலும் இன்னும் கொஞ்சம் திருகி ஈடுகட்டலாம், பழைய காரை விற்கிற எண்ணமே இல்லாமல் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஸ்பிரிங் தட்டு உட்காரும் பள்ளங்களில் வளையத்தை மாற்றி உயரத்தையும் ஓரளவு அமைத்துக்கொள்ளலாம். அதோடு இரண்டாம் தலைமுறை வண்டியின், அதாவது 1998-க்குப் பிறகு வந்ததின் மேல் மவுன்ட்டுகளை (ஷாக்கின் மேல் முனையைக் காரோடு பிடிக்கும் பாகம்) தேடி வாங்கி மாட்டினால் சக்கரத்துக்கு மேலே இன்னும் இடம் கிடைக்கிறது. செலவைப் பார்த்தால் மொத்த வேலையிலேயே அதிகப் பலன் தந்தது அந்த மவுன்ட்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

சரி, அதே பணத்துக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் பிசி ரேசிங் காயிலோவரே (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுப்பாக, உயரம் மாற்றும்படி வருவது) வந்துவிடுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உயரத்தை மரையில் திருகி மாற்றலாம், முப்பது கிளிக் டம்பிங், ஷாக் உடம்பும் குட்டை என்பதால் நான் சொன்ன இடப் பிரச்சினையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் கூட வரும் ஸ்பிரிங் கம்பெனியுடையதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. மழையும் பள்ளமும் உள்ள கிராமச் சாலையில் எனக்கு அது ஒத்துவராது. குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள், மரையைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவாமல் விட்டால் வளையம் இறுகிப்போய் உயரம் மாற்றும் வசதியே கிடைக்காது. டிராக்குக்கு அடிக்கடி போகிறவரின் கணக்கு வேறு. நான் டிராக் பக்கம் அதிகம் போகாதவன், அங்கே காயிலோவர்தான் சரி என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச மாட்டேன்.

எதை வாங்கினாலும் புது பம்ப் ஸ்டாப்பும் தூசு உறையும் கூடவே வாங்குங்கள், பழைய நுரை தொட்டாலே உதிரும். இங்கிலாந்தில் ஓட்டுகிறவர்கள் இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆர்ம் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முறுக்க வேண்டாம், சக்கரம் எடை தாங்கி நிற்கும் உயரத்தில் முறுக்கினால்தான் ஆர்ம் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் முறுகிக் கிழியாது. அலைன்மென்ட்டை அன்றைக்கே பார்க்காமல், ஸ்பிரிங் உட்கார ஒரு வாரம் ஓட்டிவிட்டு அப்புறம் பாருங்கள்.