வினைச்சொல்லில் தடுமாறுபவர்களுக்கு ஹார்ன்பியின் பழைய கையேடு

ஆங்கில அகராதி ஆசிரியர் ஏ.எஸ்.ஹார்ன்பி 1954-இல் எழுதிய 'எ கைட் டு பேட்டர்ன்ஸ் அண்ட் யூஸேஜ் இன் இங்கிலிஷ்' என்ற ஆங்கில வாக்கிய அமைப்புக் கையேட்டைத்தான் இலக்கணம் கேட்பவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வேன். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தைப் பிரிக்கத் தெரிந்தவர்கள்கூட, ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரலாம் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள், இந்தப் புத்தகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டு உதாரணங்களை அடுக்கியிருக்கிறார். 'ஐ வான்ட் ஹிம் டு கோ' சரி, ஆனால் 'ஐ சஜெஸ்ட் ஹிம் டு கோ' தவறு, அங்கே 'ஐ சஜெஸ்ட் தட் ஹி கோ' என்றுதான் வர வேண்டும். 'கிவ் மீ த புக்' சொல்லலாம், அதே மாதிரி 'எக்ஸ்ப்ளெயின் மீ த ப்ராப்ளம்' சொல்ல முடியாது, 'எக்ஸ்ப்ளெயின் த ப்ராப்ளம் டு மீ' தான். பொருளை வைத்து இதை ஊகிக்கவே முடியாது, வினையோடு சேர்த்து அமைப்பையும் படித்தால்தான் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்காகவே வாங்கலாம்.

அப்புறம் 'ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்', 'ஸ்டாப்ட் டு ஸ்மோக்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முதலாவதில் புகைப்பதை நிறுத்துகிறார், இரண்டாவதில் புகைப்பதற்காக நிற்கிறார். அமைப்பு மாறினால் அர்த்தமே தலைகீழ்!

குறை என்றால், எண்களும் குறியீடுகளும் புதிதாகப் படிப்பவரை மிரட்டும், சில உதாரணங்களில் பழைய வாடை அடிக்கிறது. எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், உதாரணங்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். அடிப்படை தெரிந்தவர்கள் தயங்காமல் வாங்கலாம், அகரவரிசையே இப்போதுதான் என்பவர்கள் கொஞ்சம் பொறுத்து வாங்குங்கள்.