மூடியில் 12600கே, உள்ளே 12400எஃப்: அரை மாதச் சம்பளம் போச்சு

ஆளுக்கு ஆள் பழைய கம்ப்யூட்டர் பாகம் விற்கிற ஆப்பில் ஓவர்கிளாக் செய்ய (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) ப்ராசஸர் தேடுகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள். முந்தாநாள் நடந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

விளம்பரத்தில் இருந்தது இன்டெல் ஐ5-12600கே. பெயரில் 'கே' இருந்தால் ஓவர்கிளாக் செய்யலாம். விற்றவர் இரண்டு படம் அனுப்பினார். ஒன்று மாடல் பெயர் பொறித்த உலோக மேல் மூடியின் க்ளோசப். இன்னொன்று ப்ராசஸர் விவரம் காட்டும் சிபியு-இஸட் மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட், 5.0 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. "ரெண்டு வருஷமா இதே ஸ்பீடுதான் ப்ரோ, கூலர் மட்டும் நல்லதா போடுங்க" என்றார். கவிழ்த்தது அந்தக் கூலர் பேச்சுதான். ஏமாற்ற நினைப்பவன் கூலரைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான் என்று நம்பி, அரை மாதச் சம்பளத்தை அனுப்பியாச்சு.

ஓவர்கிளாக்குக்கென்றே வாங்கிய இஸட்690 மதர்போர்டில் மாட்டி ஆன் செய்தால், போர்டின் ஹெச்டிஎம்ஐ-யில் படமே வரவில்லை. 12600கே-யில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, வந்திருக்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டதும் பயாஸ் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் அமைப்புத் திரை) முதல் பக்கத்திலேயே பெயர் வந்தது: ஐ5-12400எஃப், உள்ளே கிராபிக்ஸ் இல்லாத, மல்டிப்ளையர் பூட்டிய மாடல். 10 கோர் (கணக்குப் போடும் பகுதி) 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை) இருக்க வேண்டிய இடத்தில் 6 கோர் 12 த்ரெட். வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணான மல்டிப்ளையரை 50 ஆக்கினால் ஏற்கவில்லை. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஓடும்போது எல்லாக் கோரும் 4.0 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது. ரேமும் டிடிஆர்4-3600 வேகத்தில் கியர் 1-இல் (ரேமும் அதன் கன்ட்ரோலரும் ஒரே வேகத்தில் ஓடும் நிலை) நிலைக்கவில்லை. கே இல்லாத 12-ஆம் தலைமுறை சிப்பில் ரேம் கன்ட்ரோலருக்குப் போகும் சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் பூட்டப்பட்டிருக்கும், அதனால் வருகிற தொல்லை இது.

கூலருக்குத் தடவிய பேஸ்டைத் துடைத்து மூடியை விளக்கில் சாய்த்துப் பார்த்தால் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். பழைய எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பொறித்திருக்கிறார்கள்.

விற்றவரின் பதில்கள்: "பயாஸ் அப்டேட் பண்ணுங்க." "விண்டோஸ் மாத்திப் பாருங்க." "பிசிஎல்கே ஏத்துங்க." தனி கிளாக் ஜெனரேட்டர் இல்லாத போர்டில் பிசிஎல்கே-யை, அதாவது மல்டிப்ளையர் பெருக்கும் அடிப்படை கிளாக்கை, 100 மெகாஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் ஏற்றினாலே எஸ்எஸ்டி ஓடும் பிசிஐஇ இணைப்பின் கிளாக்கும் சேர்ந்து ஏறி எஸ்எஸ்டி தடுமாறும். அதன்பிறகு பதிலே இல்லை.

ஆப்பின் புகார் பிரிவு இன்னும் மோசம். மூடியின் போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். "விளம்பரத்தில் சொன்ன மாடல்தான் வந்துள்ளது" என்று புகாரை மூடிவிட்டார்கள்! பயாஸ் திரையைக் காட்டினால் அது ஆதாரம் ஆகாதாம். மோசடிக்காரன் பொறித்த எழுத்து மட்டும் ஆதாரமா? அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் இந்தச் சிப்புக்குத் தேவையே இல்லாத இஸட்690 போர்டு.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வீடியோ காலில் ஆன் செய்யச் சொல்லி பயாஸில் மாடல் பெயரைப் பாருங்கள், விண்டோஸில் சிபியு-இஸட்டைத் திறக்கவைத்துக் கோர் எண்ணிக்கையை எண்ணுங்கள். கே சிப் வாங்கிவிட்டு பி660 போர்டு எடுக்காதீர்கள், அதில் மல்டிப்ளையர் ஏறாது. ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட் ரைசன் ப்ராசஸர் என்றால் ஓவர்கிளாக்குக்கு ஏ320, ஏ520 போர்டு வேண்டாம், பி450 அல்லது பி550 எடுங்கள். அந்த ரைசன்களில் 5800எக்ஸ்3டி-யில் மட்டும் கவனம், மல்டிப்ளையர் பூட்டியிருக்கும். பார்சல் பிரிப்பதிலிருந்து பயாஸ் திரை வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள், என்னிடம் அது இல்லை.