செடிக்கு 5 ஸ்டார், கஸ்டமர் கேருக்கு 1 ஸ்டார்

ஆன்லைன்ல செடி விக்கிற ஒரு நர்சரில மான்ஸ்டெரா வாங்கினேன். பேக்கிங்ல குறையே சொல்ல முடியாது, ஒரு இலை கூட மடங்கல, வேர்மண்ணு ஈரம் காயாம அப்படியே வந்துச்சு. ஆனா தொட்டிய தூக்கிப் பாத்தா, தண்ணி வடியுற ஓட்டையில மினுமினுன்னு ஏதோ ஒட்டிட்டு இருக்கு, குச்சியால தள்ளிவிட்டா ரிப்பன் மாதிரி நீண்டுகிட்டே போகுது. முதுகுல நீளவாக்குல 5 கருங்கோடு, தலை பிறை வடிவத்துல அகலமா, அத இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஆட்டி ஆட்டி வழவழன்னு ஊருது.

ஹேமர்ஹெட் தட்டைப்புழு. அறிவியல் பேர் பைபேலியம் கெவென்சி. சொந்த இடம் தென்கிழக்கு ஆசியா, ஆனா 1878ல இதுக்குப் பேர் வச்சதே லண்டன் கியூ தோட்டத்து கண்ணாடி வீட்டுல கிடைச்ச புழுவ வச்சுத்தான். தொட்டி மண்ணுக்குள்ள ஒளிஞ்சே உலகம் பூரா பரவிடுச்சு, அதனால ஒரு நர்சரிக்கு இது தெரியாம இருக்கவே கூடாது.

போட்டோ அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்துச்சு, அத பாராட்டணும். ஆனா என்ன பதில்னா, இதுவும் மண்புழு மாதிரிதான் மண்ணுக்கு நல்லது, பிடிக்கலன்னா ரெண்டா வெட்டிப் போட்டுடுங்கன்னு. எனக்கு கோவம் வந்தது இங்கதான். இது மண்புழுவ தின்னுற புழுங்க! வாய் தலையில இல்ல, உடம்புக்கு அடியில நடுவுல இருக்கு, அதுவழியா தொண்டைக்குழாய வெளிய நீட்டி மண்புழுவ அங்கயே கரைச்சு உறிஞ்சிடும். வெட்டினா துண்டு துண்டா புதுப் புழு வளரும், இது முக்கியமா பெருகுறதே வால் பக்கம் கழண்டு விழுந்து தனியா வளர்றதாலதான். போதாததுக்கு பேத்தை மீன்ல இருக்குற அதே டெட்ரோடோடாக்சின் விஷம் இதுலயும் இருக்குன்னு 2014ல கண்டுபிடிச்சிருக்காங்க. வீட்டுல சின்னப் பசங்க, நாய் பூனை இருக்கவங்ககிட்ட போய் வெட்டுங்கன்னு சொல்லலாமா?

நான் வெறும் கையால தொடாம டிஷ்யூல எடுத்து, உப்பு நிறைய போட்ட டப்பாவுல அடைச்சு மூடிட்டேன். இங்க வாங்குறவங்க செடி வந்ததும் தொட்டிய விட்டு உருவி வேர்மண்ண சுத்திப் பாருங்க, கொஞ்ச நாள் மத்த தொட்டிங்க கிட்ட வைக்காதீங்க, முக்கியமா மண்புழு உரத்தொட்டி பக்கம் வேண்டவே வேண்டாம்.

வேற செடி அனுப்புறோம்னாங்க, வேணாம்னுட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தொட்டியும் செக் பண்றீங்களான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் இல்ல. ஆமான்னு உறுதியா சொன்னா ரேட்டிங்க மாத்துறேன்.