கிளினிக் கொப்பியைப் படம் எடுக்கக் கேட்கும் 'ஊழியக்காரர்'

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டில் புற்றுநோயாளர் ஒருவரை வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் அல்ல. ஜெபிக்க வருகிறோம் என்று சொல்லி நோயாளரிடம் காசு பறிக்கும் இந்தக் கூட்டம் சமயம் பார்த்து வருவதில்லை, நோய் பார்த்து வருகிறது.

கல்லடியில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். போதனா வைத்தியசாலையில் மூன்று கிழமைக்கு ஒரு தடவை கீமோ ஏற்றினார்கள். இரண்டாவது தடவையோடு முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காத நாட்களில்தான் கிளினிக் வாங்கில் ஒரு பெண் பக்கத்தில் வந்து அமர்ந்தார். "அக்கா, கர்த்தர் உங்களை எனக்குக் காட்டினார்" என்றாராம். தங்கள் ஊழியமே புற்றுநோயாளருக்கானது, காசு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வந்து ஜெபிப்போம் என்று முகவரி வாங்கிக்கொண்டார்.

வந்தார்கள். பாடினார்கள், பழம் கொடுத்தார்கள், சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மூன்றாவது கிழமையில் அவர்களுடைய பாஸ்டர் வந்தார். 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய ஊர் இது. போதகர் என்று ஒருவர் வாசலில் நின்றால் எங்கள் சித்தப்பா எழுந்து கதிரையைக் கொடுத்துவிடுவார். அந்த மரியாதை எவ்வளவுக்கு விலைபோகும் என்பதை வந்தவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

முதலில் கேட்டது கிளினிக் கொப்பியை. "ஜெபத்தில் வைக்க" என்று சொல்லி, பயொப்சி என்ற திசுப் பரிசோதனை அறிக்கை உட்பட எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுத்தார். பிறகு தலைத்துணியை எடுக்கச் சொல்லி, சின்னம்மாவை எடுத்தார். சாட்சி சொல்லும்போது முன்பு எப்படி இருந்தார் என்று காட்ட வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் விசுவாசக் காணிக்கை, 25,000 ரூபாய். அடுத்து எருசலேமிலிருந்து வந்த அபிஷேக எண்ணெய் ஒரு போத்தல், 6,000 ரூபாய். அந்தப் போத்தலின் அடியில் கடை விலைச்சீட்டை உரித்த பசை அப்படியே இருந்தது. எருசலேமிலும் ரூபாயில்தான் விற்கிறார்கள் போலும்! கடைசியாகக் கையிலிருந்த காப்பு. "பொன்னில் மனம் இருக்கும் வரை சுகம் இறங்காது" என்று சொல்லிக் கழற்றி வாங்கிப் போனார்கள். எதற்கும் பற்றுச்சீட்டு இல்லை.

காசோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். மூன்றாவது கீமோ முடிந்ததும் 21 நாள் உபவாசம் இருக்கச் சொன்னார்கள். அடுத்த ஊசிக்குப் போகவே கூடாது, ஊசியில் ஒரு கால், ஜெபத்தில் ஒரு கால் வைத்தால் கர்த்தர் கிரியை செய்யமாட்டார் என்று ஒரு மிரட்டலும். இது வீட்டில் எங்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே நிறை குறைந்திருந்த உடம்பு அது. ஒரு கிழமை கடந்து காய்ச்சல் வந்தபோது, நோய் வெளியேறுகிறது, பயப்படாதே என்று தொலைபேசியிலேயே ஜெபித்திருக்கிறார் அந்தப் பெண். சித்தப்பா அன்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸைக் கூப்பிட்டிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கீமோ ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் பொதுவாக, கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால் பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போய், கீமோ எடுக்கிற நோயாளி என்பதை முதலாவதாகச் சொல்லுங்கள். சின்னம்மாவுக்கு நாளத்தில் நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். நாலாவது கீமோ கிழமைக்கணக்கில் பிந்திப்போனது.

வாட்டில் கிடந்தவரைப் பார்க்க பாஸ்டர் வந்தார். "உன் அவிசுவாசம்தான் உன்னை இங்கே கொண்டுவந்தது" என்றார். காசுக்கும் காப்புக்கும் அழாத சின்னம்மா அந்த ஒரு பேச்சுக்கு இரவெல்லாம் அழுதார். தன் நோய்க்குத் தானே காரணம் என்று ஒருவரை நம்பவைப்பதைவிடக் கொடிய திருட்டு எனக்குத் தெரியவில்லை.

வேதம் தெரிந்தவர்களுக்கு நாகமானின் கதை நினைவிருக்கும். குட்டரோகம் நீங்கிய நாகமான் நீட்டிய காணிக்கையை எலிசா தொடவில்லை. பின்னால் ஓடிப்போய்ப் பொய் சொல்லி வெள்ளியும் உடையும் வாங்கியவன் கேயாசி, அந்தக் குட்டரோகம் அவனைப் பிடித்தது. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ஏசாயா ஜெபத்தோடு நிறுத்தவில்லை, பிளவையின் மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். மருந்தை விட்டால்தான் விசுவாசம் என்பது எந்த வேதத்தில் இருக்கிறதோ!

எங்கள் கோயில் மாதர் சங்கத்தினரும் சின்னம்மாவைப் பார்க்க வருகிறார்கள். கிளினிக் நாளில் ஓட்டோவுக்குக் காசு கொடுத்து, கூடவே ஒருவர் போய் வரிசையில் நிற்கிறார். குருவானவர் ஜெபித்து முடித்ததும் அடுத்த மருந்துத் திகதியைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். யாரும் இதுவரை கொப்பியைத் திறந்து பார்த்ததில்லை.

கொப்பியைப் படம் எடுத்தது எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. கனடாவில் இருக்கும் உறவுக்காரப் பெண் ஒருத்தி அழைத்து, "சின்னம்மாவுக்கு ஒப்பரேசனுக்குப் பதினெட்டு இலட்சம் தேவையாமே, ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்று கோபித்துக்கொண்டாள். மொட்டைத் தலைப் படம், பயொப்சி அறிக்கை, ஒரு வங்கிக் கணக்கு இலக்கம் எல்லாம் சேர்ந்த பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. நமது அரச வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்கும் கீமோவுக்கும் கட்டணம் இல்லை. சில வேளை ஒரு ஸ்கானையோ மருந்தையோ வெளியே பார்க்க வேண்டி வரும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட வெளிநாட்டு உறவுகள் அதனால்தான் எந்தத் தொகையையும் நம்பிவிடுகிறார்கள். உண்மையாகவே செலவு இருந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்குப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஊழியம் என்று வருகிறவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கேட்டு, அந்தச் சபைக்கே அழைத்து உறுதிப்படுத்துங்கள். உண்மையானவர் கோபிக்கமாட்டார்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்த பிறகு காப்பு மட்டும் யாரோ ஒரு சிறுவன் கையில் திரும்பி வந்தது. காசு வரவில்லை. அவர்களுடைய பழைய தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை, கல்முனைப் பக்கம் வேறு பெயரில் கூட்டம் நடத்துவதாகக் கேள்வி. சின்னம்மாவின் படம் இன்னும் சுற்றுகிறது. மொட்டைத் தலை, நீலச் சட்டை, பின்னால் பச்சைக் கதவு. கண்டால் பணம் அனுப்பாதீர்கள். கணக்கு இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.