எஃப்டி-817-க்கு ப்ளூடூத் கட்டுப்பாடு: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

என்னுடைய யேஸு எஃப்டி-817 அமெச்சூர் ரேடியோ ட்ரான்ஸீவருக்கும் லேப்டாப்புக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த சிஏடி கேபிளை (கம்ப்யூட்டரிலிருந்து ரேடியோவைக் கட்டுப்படுத்தும் சீரியல் கேபிள்) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எச்சி-05 ப்ளூடூத் மாட்யூல் ஒன்றை வைத்துச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மேஜையில் உட்கார்ந்து இயக்கும்போதும் சரி, பேட்டரியோடு வெளியே எடுத்துப் போகும்போதும் சரி, இதே அமைப்புதான். இதைச் செய்யலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஒரு கம்பி குறையும் என்பதற்காக மட்டும் செய்ய வேண்டாம். ரிசீவர் அமைதியாக வேண்டும் என்பதற்காகச் செய்யுங்கள்.

ஹெச்எஃப் (சிற்றலை) பேண்டுகளில் நாம் கேட்கும் இரைச்சலில் கணிசமான பங்கு நம் மேஜையிலேயே பிறக்கிறது. லேப்டாப் சார்ஜர் ஒரு ஸ்விட்சிங் சப்ளை. லேப்டாப்புக்குள்ளும் அதேபோல் பல சிறிய கன்வெர்ட்டர்கள் ஓடுகின்றன. அந்த இரைச்சல் யுஎஸ்பி கேபிளின் ஷீல்டு வழியாக ரேடியோவின் சேசிஸுக்கு வந்து, அங்கிருந்து கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பக்கத்தில் ஏறி ஆண்டெனா வரை போகிறது. நாம் கேட்க வேண்டிய அதே ஆண்டெனா அதையும் சேர்த்துக் கேட்கிறது. ப்ளூடூத் வந்ததும் லேப்டாப்புக்கும் ரேடியோவுக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லாமல் போகிறது. என் மேஜையில் 40 மீட்டர் பேண்டிலும் 80 மீட்டர் பேண்டிலும் வித்தியாசம் காதுக்கே தெரிந்தது. 10 மீட்டரில் பெரிய மாற்றம் இல்லை.

டிரான்ஸ்மிட் செய்யும்போதும் இதே வழிதான், திசை மட்டும் மாறும். எண்ட்-ஃபெட் ஆண்டெனா (ஒரு முனையில் ஊட்டப்படும் கம்பி) வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். பிடிடி (டிரான்ஸ்மிட் பொத்தான்) அழுத்தியதும் மவுஸ் உறைந்து நிற்கும், யுஎஸ்பி கருவி கழன்று மறுபடி சேர்ந்த சத்தம் கேட்கும். கேபிள் என்ற பாதையே இல்லாதபோது இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடுகிறது.

ஆனால் எஃப்டி8 போன்ற, கம்ப்யூட்டர் ஒலியாகச் செய்தி அனுப்பும் டிஜிட்டல் மோடுகளுக்கு ஆடியோவும் வேண்டும். எச்சி-05 கொண்டு போவது சீரியல் டேட்டாவை மட்டும்தான். ஆகவே சவுண்ட் கார்டு கேபிள் இருந்தே தீரும், அதோடு ஷீல்டு வழித் தொடர்பும் திரும்பி வந்துவிடும். இரு திசை ஆடியோவிலும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, இரு பக்கத் தரையையும் பிரித்து வைத்தால்தான் ப்ளூடூத் போட்டதற்கு முழுப் பலன் கிடைக்கும். எஸ்எஸ்பி-யிலும் (குரல்) சிடபிள்யூ-விலும் (மோர்ஸ்) பேசி, லாக் செய்யும்போது (தொடர்பைப் பதிவேட்டில் ஏற்றும்போது) அலைவரிசையும் மோடும் தானாக ஏறினால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. இந்த அமைப்பு அவர்களுக்குத்தான் மிகவும் பொருந்தும்.

இனி கட்டுவது. எஃப்டி-817-இன் பின்புறம் இருக்கும் 8 பின் மினி-டின் ஏசிசி சாக்கெட்டில் டேட்டா வரும் பின், போகும் பின், தரை, சப்ளை எல்லாமே இருக்கின்றன. அதில் வரும் சீரியல் சிக்னல் 5 வோல்ட் டிடிஎல் மட்டத்தில் இருக்கிறது, ஆர்எஸ்-232 அல்ல. யேஸுவின் பழைய சிடி-62 சிஏடி கேபிளுக்குள் இருப்பது இந்த மட்டத்தை மாற்றும் சுற்றுதான். ப்ளூடூத் மாட்யூலுக்கு அது தேவைப்படாது. மாட்யூலின் லாஜிக் 3.3 வோல்ட் என்பதால் ரேடியோவிலிருந்து வரும் கம்பியில் மட்டும் 1 கிலோ ஓமும் 2 கிலோ ஓமும் கொண்ட ஒரு டிவைடர் போட்டேன். 5 வோல்ட் 3.3 ஆக இறங்கிவிடும். எதிர்த் திசையில் எதுவும் வேண்டாம், 3.3 வோல்ட்டை ரேடியோ ‘ஹை’ என்றே எடுத்துக்கொள்கிறது.

சப்ளைக்கு ஸ்விட்சிங் வகை பக் கன்வெர்ட்டரைத் தொடாதீர்கள். கைவிரல் நகம் அளவில், சூடே ஆகாமல், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரைச்சலைத் துரத்துவதற்காகத்தானே இத்தனையும் செய்கிறோம், அதை நாமே ரேடியோவின் முதுகில் கட்டி வைப்பானேன்? சாதாரண 7805 லீனியர் ரெகுலேட்டர் போதும். மாட்யூல் 40 மில்லிஆம்பியர் இழுத்தாலும் 13.8 வோல்ட் சப்ளையில் ரெகுலேட்டரில் வீணாவது 0.35 வாட்தான். எதை மாட்டினாலும் சரி, ஆண்டெனாவைச் சேர்த்து, ஒவ்வொரு பேண்டாக மெதுவாகச் சுற்றி, மாட்யூலை ஆன் செய்தும் ஆஃப் செய்தும் கேட்டுவிடுங்கள். புதிதாக ஏதாவது ‘பீப்’ முளைத்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பெட்டி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மாட்யூலின் ஆண்டெனா அதன் போர்டிலேயே வளைந்து வளைந்து ஓடும் ஒரு செப்புத் தடம். அதை அலுமினியப் பெட்டிக்குள் பூட்டினால் தூரம் கையெட்டும் அளவுக்குச் சுருங்கிவிடும். பெட்டிக்கும் ரேடியோவுக்கும் நடுவே உள்ள கம்பியை ஒரு சாணுக்கு மேல் விடவில்லை, அதிலும் ஒரு கிளிப்-ஆன் ஃபெரைட் போட்டிருக்கிறேன். 5 வாட்டில் அது அவசியமில்லை என்று சிலர் சொல்வார்கள். 100 வாட் ரேடியோவில், ஆண்டெனா பக்கத்திலேயே இருந்தால், அவசியம்தான்.

மாட்யூலுக்குள் செய்ய வேண்டிய அமைப்பு ஒருமுறை வேலை. அதன் சிறு பொத்தானை அழுத்திக்கொண்டே பவர் கொடுத்தால் எல்இடி இரண்டு நொடிக்கு ஒருமுறை நிதானமாக மின்னும். அப்போது 38400 வேகத்தில் டெர்மினலைத் திறந்து ஏடி கட்டளைகளை (மாட்யூலின் அமைப்பை மாற்றும் எழுத்துக் கட்டளைகள்) அனுப்பலாம். சீரியல் வேகத்தை வைக்கும் யுஏஆர்டி கட்டளையில் 4800,1,0 என்று கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த 1 ஒரு ஸ்டாப் பிட்டைக் குறிப்பதல்ல, இரண்டு ஸ்டாப் பிட்டைக் குறிப்பது. 0 என்றால்தான் ஒன்று. ரேடியோவின் கையேடு கேட்பது 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 2 ஸ்டாப் பிட். ரேடியோ மெனுவில் உள்ள சிஏடி வேகமும் மாட்யூலின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே உட்காரலில் ப்ளூடூத் ஜோடி சேர்க்கக் கேட்கும் 1234 என்ற பின் (PIN) எண்ணையும் மாற்றிவிடுங்கள். இந்த மாட்யூல்கள் எல்லாம் அந்த எண்ணோடுதான் வருகின்றன. பத்து மீட்டருக்குள் போன் வைத்திருக்கும் யாரும் உங்கள் ரேடியோவோடு இணைந்து டிரான்ஸ்மிட் செய்ய முடியும் என்பது சின்ன விஷயமல்ல, உரிமம் உங்கள் பெயரில் இருக்கிறது.

வேகத்தை 38400-க்கு ஏற்றினால் எல்லாம் சுறுசுறுப்பாகும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த ரேடியோவில் எந்தக் கட்டளையும் 5 பைட்தான். ஸ்டார்ட், ஸ்டாப் பிட்டுகளோடு சேர்த்து 55 பிட். 4800-இல் அது போக சுமார் 11.5 மில்லிநொடி, 38400-இல் சுமார் 1.4 மில்லிநொடி. மிச்சமாவது 10 மில்லிநொடி. ஆனால் ப்ளூடூத் இணைப்பே ஒவ்வொரு போக்குவரத்துக்கும் சில பத்து மில்லிநொடிகளை எடுத்துக்கொள்கிறது. அதனால் நான் 4800-லேயே நிறுத்திக்கொண்டேன்.

அந்த 5 பைட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், வயர்லெஸ் இணைப்பு தடுமாறும்போது இந்த ரேடியோ ஏன் விசித்திரமாக நடந்துகொள்கிறது என்பது புரியும். 14.074 மெகாஹெர்ட்ஸுக்குப் போகச் சொல்லும் கட்டளை 01 40 74 00 01. முதல் நான்கு பைட் அலைவரிசை, 10 ஹெர்ட்ஸ் துல்லியத்தில். கடைசி 01 ‘இந்த அலைவரிசையை வை’ என்ற உத்தரவு. கட்டளை இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று சொல்லும் அடையாளம் எதுவும் கிடையாது. ரேடியோ ஐந்து ஐந்தாக எண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். பைட்டுகளுக்கு நடுவே 200 மில்லிநொடி வரை இடைவெளி இருக்கலாம் என்பது கையேட்டின் கணக்கு. இணைப்பு பலவீனமாகி ஒரு பைட் தொலைந்தால், அடுத்த கட்டளையின் முதல் பைட் முந்தையதின் ஐந்தாவது பைட் ஆகிவிடும், அதாவது அதுவே உத்தரவாகிவிடும். நீங்கள் கேட்காத ஒன்றை ரேடியோ செய்யும்.

ஐகாமின் சிஐ-வி முறையில் ஒவ்வொரு செய்தியும் எஃப்இ எஃப்இ (FE FE) என்று தொடங்கி எஃப்டி (FD) என்ற பைட்டில் முடியும். கென்வுட் முறையில் எழுத்தாகவே கட்டளை போய் அரைப்புள்ளியில் முடியும். அவற்றில் ஒரு பைட் போனால் அந்த ஒரு செய்தி மட்டும் வீணாகும். பழைய யேஸு ரேடியோக்களில் ப்ளூடூத் வைப்பவர்கள் நல்ல சிக்னலுக்கு ஏன் கூடுதல் அக்கறை எடுக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். மாட்யூலுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நாமே உட்கார்ந்திருந்தால்கூட சிக்னல் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸை மனித உடம்பு நன்றாகவே விழுங்கும். பெட்டியை ரேடியோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் மேலே வைத்ததிலிருந்து இந்தப் பிரச்சினை எனக்கு அநேகமாக நின்றுவிட்டது.

லாக்கிங் மென்பொருளும் எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸும் ரேடியோவிடம் ‘இப்போது எங்கே இருக்கிறாய்’ என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த போல் இன்டர்வலை 2 அல்லது 3 நொடிக்குத் தள்ளி வைத்தால், ‘ஹாம்லிப் எரர்’ (ஹாம்லிப் என்பது மென்பொருள்கள் ரேடியோவோடு பேசப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) என்று வந்து நிற்பது வெகுவாகக் குறைகிறது. விண்டோஸில் ஜோடி சேர்த்ததும் இரண்டு காம் போர்ட் வரலாம். ‘அவுட்கோயிங்’ என்று இருப்பதுதான் நமக்கானது. லேப்டாப் தூங்கி எழுந்தால் போர்ட் பெயரளவில்தான் இருக்கும். மென்பொருளை மூடித் திறப்பதுதான் வழி, இத்தனை நாளிலும் இதற்கு மேல் நல்ல தீர்வு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. லினக்ஸில் ஆர்எஃப்காம் மூலம் நிலையாகக் கட்டி வைக்கலாம். அங்கே தொல்லை குறைவு.

இந்த அமைப்பில் நான் கண்டிப்பாகச் சொல்லும் விஷயம் பிடிடி. சிஏடி வழியாக டிரான்ஸ்மிட் செய்ய 08 என்ற உத்தரவு போகும், நிறுத்த 88. இரண்டுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் 88 போய்ச் சேராது. எஸ்எஸ்பி அடிப்படையிலான டிஜிட்டல் மோடில் ஆடியோ நின்றதும் பவர் நின்றுவிடும், ஆனால் ரேடியோ டிரான்ஸ்மிட் நிலையிலேயே காது கேளாமல் கிடக்கும். எஃப்எம்-ஆக இருந்தால் கேரியர் போய்க்கொண்டே இருக்கும். எஃப்டி8-இல் ஒவ்வொரு முறையும் 12.64 நொடி டிரான்ஸ்மிட், மாறி மாறி மணிக்கணக்கில். அதற்குள் எப்போதாவது ஒருமுறை அறுபட்டாலும் போதும். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. நல்லவேளை, பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்புறம் இரண்டு ஏற்பாடு செய்தேன். ரேடியோ மெனுவில் டைம்-அவுட் டைமரை (குறித்த நேரத்துக்கு மேல் டிரான்ஸ்மிட் நீண்டால் தானே நிறுத்துவது) ஆன் செய்து குறைந்த நேரத்தில் வைத்தேன். பிடிடியை ப்ளூடூத்திலிருந்து பிரித்து, ஆடியோ வந்தால் தானே பிடிடியைத் தரையோடு சேர்க்கும் சிறு சுற்றிடம் கொடுத்துவிட்டேன். ஆடியோ நின்றால் டிரான்ஸ்மிட்டும் நிற்கும். கேபிளில் சிஏடி வைத்திருப்பவருக்கும் மென்பொருள் உறைந்தால் இதே கதிதான், ஆனால் வயர்லெஸ்ஸில் வாய்ப்பு கூடுதல். டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற சீரியல் போர்ட் கட்டுப்பாட்டுக் கோடுகளை நம்பிப் பிடிடி வைத்திருந்தவர்கள் கவனிக்க: இந்த நாலு கம்பி அமைப்பில் அவை வருவதே இல்லை.

கம்ப்யூட்டரிலிருந்து சிடபிள்யூ அடிக்கும் எண்ணமும் வேண்டாம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லிநொடி. ப்ளூடூத்தின் தாமதம் ஒரே சீராக இருந்தாலாவது பரவாயில்லை, அது கூடிக் குறையும். எழுத்துகள் நொண்டும். ரேடியோவுக்குள் இருக்கும் கீயரே (மோர்ஸ் புள்ளி, கோடுகளை உருவாக்கும் சுற்று) போதும், பேடிலை நேராக மாட்டிக்கொள்ளுங்கள்.

வெளியே போகும்போது பேட்டரிக் கணக்கும் சேர்கிறது. இந்த ரேடியோ ரிசீவில் சுமார் 450 மில்லிஆம்பியர் எடுக்கும், மாட்யூல் அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கை மேலே ஏற்றுகிறது. பெட்டியில் ஒரு சிறு ஸ்விட்ச் வைத்திருக்கிறேன், தேவை இல்லாதபோது அணைத்துவிடுவேன். ஆனாலும் லேப்டாப்பை விட்டுவிட்டு ஆண்ட்ராய்டு போனிலேயே லாக் செய்ய முடிவது இந்தச் செலவை நியாயப்படுத்துகிறது. க்யூஎஸ்ஓ (ஒரு நிலையத்தோடான தொடர்பு) முடிந்ததும் அழைப்புக்குறியை மட்டும் தட்டினால் போதும், அலைவரிசையும் மோடும் ஏற்கெனவே அங்கே இருக்கும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு எச்சி-05 உதவாது. இது பழைய ப்ளூடூத்தின் சீரியல் முறை, ஐபோன் செயலிகளுக்கு பிஎல்இ (குறைந்த மின்செலவு ப்ளூடூத்) வகை மாட்யூல் வேண்டும், அதைப் பேசத் தெரிந்த செயலியும் வேண்டும். இதற்கு இஎஸ்பி32 (ப்ளூடூத்தும் வைஃபையும் உள்ள கண்ட்ரோலர் சிப்) வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் வந்த இஎஸ்பி32-இல் இரண்டு வகை ப்ளூடூத்தும் உண்டு, எஸ்3, சி3 வகைகளில் பிஎல்இ மட்டும்தான். வைஃபையில் ஓட்டலாம் என்றால், அனுப்பும்போது சில நூறு மில்லிஆம்பியர் வரை விட்டு விட்டு இழுக்கும் என்பதால் சப்ளை வடிகட்டலில் இன்னும் கவனம் வேண்டும்.

அடுத்த அறையிலிருந்து இயக்க வேண்டும் என்றால் நான் ப்ளூடூத்தை நீட்டப் பார்க்க மாட்டேன். ரேடியோ பக்கத்தில் ஒரு ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ (சிறு கம்ப்யூட்டர்) வைத்து, அதில் ஹாம்லிப்பின் ரிக்சிடிஎல்டி என்ற சர்வர் நிரலை ஓடவிட்டு, 4532 போர்ட் வழியாக நெட்வொர்க்கில் பேசுவதுதான் சரியான வழி. இணைப்பு போனாலும் ரேடியோவோடு நேரடியாகப் பேசுவது பக்கத்திலேயே இருக்கும் பை-தான், அதனால் அரைகுறைக் கட்டளை ரேடியோவுக்குள் நுழையாது. ஐகாம் ஐசி-705 மாதிரி ப்ளூடூத்தும் வைஃபையும் உள்ளேயே வரும் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சாலிடரிங் வேலை எதுவும் இல்லை, ஆனால் டைம்-அவுட் டைமரை அவர்களும் ஆன் செய்தே வைக்க வேண்டும்.