பேரிட்டி செக்கில் பிழை வந்தால்: அன்ரெய்ட் சர்வரோடு சில வருட அனுபவம்

வீட்டுச் சேமிப்பு சர்வரில், பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் இயங்குதளமான அன்ரெய்டைச் (Unraid) சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். குடும்பப் படங்கள், வீடியோக்கள், மற்ற கம்ப்யூட்டர்களின் பேக்கப் எல்லாம் அதில்தான். அதன் வசதிகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். பேரிட்டி செக்கில் பிழை வரும்போது என்ன செய்வது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் அதையே எழுதுகிறேன்.

பேரிட்டி என்பது, ஒரு டிஸ்க் போனால் மீட்பதற்காகத் தனி டிஸ்க்கில் எழுதி வைக்கும் கணக்கு. அது இன்னும் பொருந்துகிறதா என்று எல்லா டிஸ்க்குகளையும் படித்துப் பார்ப்பதுதான் பேரிட்டி செக். ஒற்றைப் பேரிட்டி என்பது எல்லா டேட்டா டிஸ்க்குகளிலும் ஒரே இடத்தில் இருக்கும் பிட்டுகளின் எக்ஸ்ஓஆர் (XOR) கணக்கு. நான்கு டிஸ்க்குகளில் 1, 0, 1, 1 இருந்தால் பேரிட்டியில் 1 இருக்கும். பேரிட்டியையும் சேர்த்தால் ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. ஒரு டிஸ்க் செத்துப்போனால் மீட்க முடிவது, போனது எது என்று தெரிவதால்தான். செக்கில் கணக்கு இடித்தால் அது தெரியாது. தப்பு பேரிட்டியிலா, டேட்டா டிஸ்க்கிலா, கேபிளிலா, ரேமிலா என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. திருத்தி எழுதும் டிக்கைப் போட்டிருந்தால், டேட்டா எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு அன்ரெய்ட் பேரிட்டியை மாற்றி எழுதிவிடும். ஆகவே என் மாதாந்திர செக்கில் அந்த டிக் கிடையாது.

கரன்ட் போய் சர்வர் பாதியில் அணைந்திருந்தால் சில பிழைகள் வருவது சகஜம். டேட்டா டிஸ்க்கில் ஏறிவிட்டு பேரிட்டியில் ஏறாமல் நின்றவை அவை. திருத்தவிட்டு நகர்ந்துவிடலாம்.

என் சர்வரில் ஒருமுறை அப்படி எதுவும் நடக்காமலேயே பிழைகள் வந்தன. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் (SMART) விவரத்தையும் பார்த்தேன், டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் பட்டியல் அது. அதில் 5, 197, 198 என்ற எண்ணுள்ள வரிகள் மூன்றும் பூஜ்ஜியம். அதாவது மாற்றப்பட்ட செக்டரோ (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு), படிக்க முடியாமல் நிற்கும் செக்டரோ இல்லை. 199 என்பது சிஆர்சி பிழை, அதாவது டேட்டா வழியில் சிதைந்தது, பெரும்பாலும் கேபிள் விவகாரம். கேபிளை மாற்றினாலும் அந்த எண் இறங்காது, ஆகவே மேலே ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஏறவில்லை.

அடுத்து சிஸ்லாக், அதாவது சர்வரில் நடப்பவற்றின் பதிவு. இடித்த செக்டர்களின் எண்கள் அதில் இருக்கும். அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தாமலேயே இன்னொரு செக் ஓட்டினேன். பெரிய டிஸ்க் என்றால் இதற்குப் பொறுமை வேண்டும். 12 டிபி டிஸ்க்கை நொடிக்குச் சராசரியாக 150 எம்பி வேகத்தில் படித்தால் 22 மணி நேரம் ஆகும். ஆனால் துப்பு கிடைப்பது இங்கேதான். இரண்டு முறையும் அதே செக்டர்கள் என்றால் டிஸ்க்கில் பதிந்திருப்பதே பொருந்தவில்லை. செக்டர்கள் மாறினால் படிக்கும் வழியில் கோளாறு: ரேம், கன்ட்ரோலர், கேபிள், பவர் சப்ளை.

எனக்கு மாறியிருந்தன. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டியதில் ஒரு ரேம் குச்சி பிழை காட்டியது. அதை மாற்றிய பிறகு வந்த பிழைகள் கொஞ்சம்தான், திரும்ப ஓட்டியபோதும் அச்சு மாறாமல் அதே செக்டர்கள். அதற்குப் பிறகுதான் திருத்தும் செக்கை ஓட்டினேன். அடுத்த செக்கில் பூஜ்ஜியம்.

பேரிட்டி சரியானதால் ஃபைல்களும் சரி என்று ஆகிவிடாது. என் டிஸ்க்குகளில் உள்ள எக்ஸ்எஃப்எஸ் (XFS) ஃபைல் சிஸ்டம் தன் மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களின் பெயர், இடம் போன்ற விவரங்கள்) மட்டுமே செக்சம், அதாவது சரிபார்ப்பு எண், வைத்திருக்கும், ஃபைலின் உள்ளடக்கத்துக்கு இல்லை. முன்பே ஷா256 (SHA-256) செக்சம் பட்டியல் எடுத்து வைத்திருந்த ஃபோல்டர்களைப் புது ரேமோடு ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்தின. ரேம் கெட்டிருந்த நாட்களில் ஏற்றியவற்றுக்குப் பட்டியல் இல்லாததால், அவற்றை மூலத்திலிருந்தே மறுபடி காப்பி செய்தேன். அலுப்பான வேலை, ஆனால் விடக்கூடாதது.

அன்ரெய்டில் எனக்கு உண்மையான குறை ஒன்று உண்டு. சிஸ்லாக் ரேமில் இருப்பதால் ரீபூட் செய்தால் போய்விடும். பிழை வந்த பதற்றத்தில் பலரும் முதலில் செய்வது ரீபூட்தான். ஃப்ளாஷ் டிரைவில் நகல் எழுதும் அமைப்பு உள்ளேயே இருக்கிறது, ஆனால் நாமே போய் இயக்க வேண்டும். அடிக்கடி எழுதினால் ஃப்ளாஷ் தேயும் என்பதால் சந்தேகம் வரும்போது மட்டும் இயக்குகிறேன். செக்கை இரவுகளில் மட்டும் துண்டு துண்டாக ஓட்ட ‘பேரிட்டி செக் ட்யூனிங்’ பிளக்இன் போட்டிருக்கிறேன், பகலில் வீட்டில் யாருக்கும் வேகம் குறைவதில்லை. அடுத்து மதர்போர்டு மாற்றும்போது சிறு பிட் பிழைகளைத் தானே திருத்தும் இசிசி (ECC) ரேம் ஏற்கும் போர்டாகத்தான் வாங்கப்போகிறேன்.