தி.நகருக்கு ஸ்கூட்டர் எடுத்துப்போவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது

சென்னைப் புறநகரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். லைனிங், ஃபால்ஸ், லேஸ், ஹூக் என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது தி.நகர் போயாக வேண்டும். முன்பெல்லாம் ஸ்கூட்டரில்தான். உஸ்மான் சாலைக்குள் நுழைந்தால் கண் கடையைப் பார்க்காது, இரண்டு வண்டிக்கு நடுவில் சந்து தெரிகிறதா என்றுதான் பார்க்கும். பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு ‘நோ பார்க்கிங்’ பலகை. பலகை இல்லாத வாசலில் பூந்தொட்டியோ மணல் மூட்டையோ இருக்கும். அரை மணி நேரம் சுற்றி எங்கேயோ நிறுத்திவிட்டு, அங்கிருந்து கடைக்கு நடப்பேன்.

ரயிலில் போகலாம்தான். ஆனால் மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்துக்குள் துணி மூட்டையோடு நீந்த வேண்டுமே! 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாதை திறந்தார்கள். 570 மீட்டர். கூட்டம் கீழே போகும், நாம் மேலே போகலாம். ஒருநாள் சோதனைக்குப் போனேன். அதோடு பழகிவிட்டது. இப்போது ஸ்கூட்டர் எங்கள் ஸ்டேஷன் ஸ்டாண்டோடு சரி.

எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. காலை எட்டரைக்குள் போய்விட்டால் நிழலில் இடம் கிடைக்கும். ஒன்பதரைக்குப் போனால் வெயில்தான். ‘அக்கா, சைடு லாக் போடாதீங்க’ என்பார் ஸ்டாண்டுத் தம்பி. லாக் போடாவிட்டால்தான் வண்டிகளை நெருக்கித் தள்ளி இன்னும் நாலு வண்டி சொருக முடியும். அப்படித் தள்ளியதில் யாருடைய ஹேண்டிலோ இடித்து என் சீட் ஒரு முழத்துக்குக் கிழிந்தது. கேட்டேன். ‘வரும்போதே கிழிஞ்சிருந்துச்சே’ என்றார்கள். மழைக்காலத்தில் தரையெல்லாம் சேறு, சென்டர் ஸ்டாண்டு போட்டால் வண்டி சாய்கிறது.

எல்லா நாளும் ரயில் சரிப்படாது. போன தீபாவளிக்கு முட்டி வலிக்கார மாமியாரைக் கூட்டிக்கொண்டு காரில்தான் போனோம். நேராகப் பாண்டி பஜார் அடுக்குமாடி பார்க்கிங்குக்கு விட்டோம், இடம் கிடைத்தது. அதில் 222 கார், 513 டூவீலர் நிற்கலாம். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு தி.நகரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. என்னைக் கேட்டால், இன்னும் நாலு அடுக்குமாடி கட்டலாம், ஆனால் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில் இன்னும் நாலு பேர் காரை எடுப்பார்கள். அந்தக் காசில் ஸ்டேஷன் ஸ்டாண்டுகளுக்கெல்லாம் கூரையும் சிமென்ட் தரையும் போட்டால் என்னைப்போல எத்தனையோ பேர் வண்டியை ஊரிலேயே விட்டுவிடுவோம்.

கிழிந்த சீட்டுக்கு மீந்த திரைச்சீலைத் துணியில் நானே உறை தைத்துப் போட்டேன். பெரிய பெரிய ரோஜாப் பூ. அதில் ஒரு லாபம், மாலையில் வண்டியைத் தேட வேண்டியதில்லை. டோக்கனைக்கூடப் பார்க்காமல், ‘ரோஜாப்பூ வண்டியா, ரெண்டாவது வரிசைக்கா’ என்கிறார் தம்பி.